வத்தத்துக்கு வெட்டிய வாய்க்கால்

அலையாத்திக் காட்டு வேலைக்கு என்னை அழைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "ஹெக்டேருக்கு எத்தனை கன்று நடலாம் சார்?" என்பதுதான். அமாவாசை ஏத்தம் அங்கே எதுவரை வருகிறது, வந்த தண்ணீர் எந்த வழியாக வடிகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். கன்றுக்குப் பணம் ஒதுக்கியிருப்பார்கள். பந்தலுக்கும் பேனருக்கும்கூட ஒதுக்கியிருப்பார்கள். வடிகாலுக்கு ஒரு பைசா இருக்காது. முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் எனக்கும் மற்றவர்களுக்கும் நடக்கிற வாக்குவாதமெல்லாம் சுற்றிச் சுற்றி இந்த ஒரு இடத்தில்தான் வந்து நிற்கும்.

தொழில் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். விலங்கியல் படித்தவன், காகிதத்தில் என் பதவி கள மேற்பார்வையாளர், பார்ப்பது இடுப்பளவு சேற்றில் நின்று வாய்க்கால் வெட்டவைக்கும் மேஸ்திரி வேலை. கையில் ஒரு டேப், ஒரு கட்டு மூங்கில் குச்சி, உப்பு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர், அந்த மாதத்தில் கடல் ஏறி இறங்கும் நேரம் சொல்லும் ஏத்த வத்த அட்டவணை. செருப்பு போட்டுக்கொண்டு போனால் சேறு அதைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும், அதனால் வெறுங்கால். அலையாத்தியின் மூச்சு வேர்கள் தரையைக் கிழித்துக்கொண்டு கூராக நீட்டி நிற்கும் இடத்தில் பாதத்தை எப்படிப் பதிப்பது என்று பழக ஒரு மழைக்காலம் போதும். பழகாதவர்கள் தையல் போடச் சிதம்பரம் போய்விட்டு வருவார்கள்.

நான் வேலை கற்றுக்கொண்டது பிச்சாவரத்தில். கடலூர் மாவட்டத்தில் வெள்ளாறும் கொள்ளிடமும் கடலைச் சேரும் இரண்டு முகத்துவாரங்களுக்கு நடுவே இருக்கிற காடு. சுமார் 1,100 ஹெக்டேர். சுற்றுலாப் படகில் போனவர்களுக்குத் தெரிந்த பிச்சாவரம், சுரபுன்னையின் வளைந்த வேர்கள் இருபுறமும் இறங்கி நிற்க நடுவில் நிழலாக ஓடும் ஓடை. எம்.ஜி.ஆர். நடித்த 'இதயக்கனி'யில் பார்த்தவர்களுக்கும் அதேதான். அந்த ஓடைக்கரையில் படகை நிறுத்தி, வேர்களைத் தாண்டி உள்ளே நடந்தால் கொஞ்ச தூரத்தில் மரம் குட்டையாகும். இன்னும் போனால் உமரிச் செடி. அதற்கும் அப்பால் வெறும் பொட்டல், வெயிலில் உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கும். 1990களில் நான் போய்ச் சேர்ந்தபோது காட்டின் நடுவே அப்படிப்பட்ட பொட்டல்கள் நிறைய. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கரையோர மரங்கள் மறைத்துக்கொள்ளும்.

பொட்டல் எப்படி வந்தது என்பதற்கு அன்றைக்கு எல்லோரிடமும் தயாராக ஒரு பதில் இருந்தது. ஊர்க்காரன் மாட்டை ஓட்டிவிடுகிறான், விறகு வெட்டுகிறான், இருளர்கள் காட்டைக் கெடுக்கிறார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பழைய வெட்டுக் கணக்குகளை எடுத்துப் பார்த்து, மண்ணையும் அளந்து பார்த்தபோது வேறு கதை வந்தது. பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி 1970கள் வரை இந்தக் காட்டைக் கூப்பு கூப்பாகப் பிரித்து வெட்டியிருக்கிறார்கள். ஒரு வருஷத்துக் கூப்பில் நிற்கிற மரம் மொத்தத்தையும் ஒட்ட வெட்டுவது, அடுத்த வருஷம் அடுத்த கூப்பு; வெட்டினது தானே முளைத்து வந்துவிடும் என்பது கணக்கு. மேட்டுக் காட்டில் அது சரியாக இருக்கலாம். அலையாத்தி மண்ணில் நடக்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேராகக் களியில் இறங்கியது. ஈரம் சுண்டியது, மண்ணைப் பிடித்திருந்த வேர் மக்கியது, தரை மெல்ல அமுங்கியது. ஓடைக்கரை மேடாக நிற்க, நடுப்பகுதி தாம்பாளம் மாதிரி குழிந்துவிட்டது.

அந்தத் தாம்பாளத்துக்குள் தண்ணீர் வராமல் இல்லை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பெரிய ஏத்தம் கரையைத் தாண்டி உள்ளே வரும். திரும்பிப் போகத்தான் வழியில்லை. நம் கரையில் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் உள்ள வித்தியாசமே ஒரு மீட்டருக்குள்தான். தேங்கினதை இழுத்துக்கொண்டு போகிற பலம் அதற்குக் கிடையாது. தண்ணீர் அங்கேயே நின்று காய்ந்து, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும். அடுத்த அமாவாசைக்கு இன்னொரு சுற்று உப்பு. கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். சித்திரையில் அந்தப் பொட்டலில் குழி தோண்டி, ஊறிவந்த தண்ணீரில் ஒரு சொட்டெடுத்து ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் விட்டால் கோடு அதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டி நிற்கும். அலையாத்தி உப்புக்கு அஞ்சாத மரம். இலையின் வழியே உப்பை வெளியே தள்ளும். கோடையில் இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும். அதுவே அந்த மண்ணில் முளைவிட்டுக் கருகிப்போகும். மாடு மேய்ந்து காடு போனது என்றால் வேலி போட்டால் போதும். வேலி போட்டுப் பல வருஷம் காத்திருந்த இடங்களும் பொட்டலாகவே கிடந்தன.

ஆகவே வாய்க்கால். உள்ளே தண்ணீர் கொண்டுவரத்தான் வெட்டுகிறோம் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். நாங்கள் வெட்டுவது வத்தத்துக்கு. ஏறின தண்ணீர் அதே நாளில் இறங்கிப்போனால், போகும்போது உப்பையும் கொஞ்சம் கரைத்து எடுத்துக்கொண்டு போகும். தாய் வாய்க்கால் ஒன்றை ஓடையிலிருந்து சாய்வாகப் பிரித்துப் பொட்டலின் குறுக்கே கொண்டுபோக வேண்டும். அதன் இரண்டு பக்கமும் கிளை வாய்க்கால்கள். மேலே இருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி தெரியும், பெயரும் அதுதான். தாய் வாய்க்கால் ஓடையோடு 45 டிகிரி, கிளைகள் தாயோடு 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். செங்கோணத்தில் வெட்டினால் வந்து மோதும் தண்ணீர் வாயிலேயே வண்டலைப் போட்டுவிடும். வாய்க்காலின் பக்கச் சுவரும் செங்குத்தாக இருக்கக் கூடாது, களி சரிந்து விழும். மேலே அகலமாகவும் அடியில் ஒடுக்கமாகவும் சரிவு கொடுத்து வெட்ட வேண்டும்.

வெட்டுவது ஒரு வாரத்து வேலை என்றால் மட்டம் பார்ப்பது ஒரு மாதத்து வேலை. கருவி இருக்கிறது, டம்பி லெவல்; சேற்றில் அதன் மூன்று காலும் ஆளுக்கொரு பக்கம் இறங்கும். அதைவிட நான் நம்புவது குச்சியை. பொட்டல் முழுக்கக் குச்சிகளை ஊன்றி, ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பு தடவிவிட்டு, பெரிய ஏத்தம் வந்து போகும்வரை படகில் உட்கார்ந்திருக்க வேண்டும். எந்தக் குச்சியில் சுண்ணாம்பு எவ்வளவு உயரம் கரைந்திருக்கிறதோ அதுவே அங்கே ஏறின தண்ணீர். வத்தம் முடிந்த பிறகும் எந்தக் குச்சியின் காலடியில் தண்ணீர் நிற்கிறதோ அங்கே பள்ளம். இதையும் காலம் பார்த்துச் செய்ய வேண்டும். பங்குனி, சித்திரையில் வங்கக் கடலின் மட்டமே இறங்கி நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஏறி நிற்கும். மழைக்காலத்து மட்டத்தை நம்பி வாய்க்கால் அடியை வைத்தால் கோடையில் வாய் காய்ந்து கிடக்கும். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது என்பதற்காகக் கார்த்திகையில் மட்டம் பார்த்துத் தரச் சொல்லி என்னை நெருக்கியவர்கள் உண்டு. கடலுக்கு ஏப்ரல் முதல் தேதி தெரியாது.

மட்டக் கருவிக்கும் குச்சிக்கும் தெரியாத ஒன்றை ஓர் இருளர் மூதாட்டி சொல்லித்தந்தார். பிச்சாவரத்து இருளர்கள் பலருக்கு அப்போது வலையும் கிடையாது, படகும் கிடையாது. கழுத்தளவுத் தண்ணீரில் ஊர்ந்துபோய், வேரடியிலும் சேற்றிலும் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பனை ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு கையும் தடவுவதற்கு வேண்டும் என்பதால் அப்படி. நாங்கள் குச்சி ஊன்றிக்கொண்டிருந்ததை வெகு நேரம் தண்ணீரிலிருந்தே பார்த்துவிட்டு, பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாத்துக்குத் தம்பி இத்தினி குச்சி?"

"வாய்க்கா வெட்டப் போறோம் ஆயா. மட்டம் பாக்குறோம்."

"இந்தப் பக்கமா வெட்டு. எங்கப்பன் காலத்துல இங்க ஒரு ஓடை போச்சி. கூப்பு வெட்டினாங்களே, அப்ப கட்டை இழுக்கறதுக்குத் தூத்துட்டாங்க."

"இப்ப ஓடை இருந்த தடமே இல்லியே ஆயா, எப்பிடித் தெரியும்?"

"நடந்து பாரு. இங்க காலு பொதையும். ரெண்டடி தள்ளி வச்சா பொதையாது."

நடந்து பார்த்தோம். அவர் காட்டின கோட்டில் முழங்கால் வரை இறங்கியது, இரண்டு பக்கமும் கணுக்காலோடு நின்றது. இரும்புக் கம்பியைக் குத்திப் பார்த்தால் அந்தக் கோட்டில் மட்டும் கம்பி தானாக இறங்கும். தூர்ந்துபோன ஓடையின் மேல் படிந்த வண்டல், சுற்றியிருந்த பழைய களியைவிட இளகலாகவே இருக்கிறது. தண்ணீர் ஒரு காலத்தில் தானே தேர்ந்தெடுத்த வழி அது. அந்த வழியை ஒட்டி வெட்டின வாய்க்கால் மற்றவற்றைவிட மெதுவாகத்தான் தூர்ந்தது. அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் மட்டம் பார்க்கும் முன்பு அங்கே சேற்றில் கைவைத்துப் பிழைக்கிற வயசானவர்களைத் தேடிப் போய் உட்கார்வது என் வழக்கமாகிவிட்டது. அவர்களுக்கு அரைநாள் கூலி கொடுக்க வேண்டும் என்றும் எழுதிக் கேட்பேன். "ஆலோசகர் கட்டணம்" என்ற தலைப்பில் போட்டால் தணிக்கையில் ஒத்துக்கொள்வார்கள். "கிழவிக்கு" என்று போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வெட்டுக்கு வந்தவர்கள் சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள்தான். வைகாசி வெயிலில், வத்தம் தொடங்கின பின்பு இறங்கி ஏத்தம் தொடங்குவதற்குள் ஏற வேண்டும், ஆகவே வேலை நேரம் நாளுக்கு நாள் ஐம்பது நிமிஷம் போலத் தள்ளிப்போகும். காலை எட்டு மணிக்கு வருகைப் பதிவேடு என்று சட்டம் போட்டவர்களோடு இதற்காகவே சண்டை. மண்வெட்டியில் களி ஒட்டிக்கொண்டு விடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். எடுத்த மண்ணை வாய்க்கால் ஓரத்தில் வரப்பாகக் குவித்துவிடத்தான் கை வரும், நூறு தலைமுறையாக வயலில் செய்த பழக்கம். இங்கே அது கூடாது. வரப்பு நின்றால் பொட்டலில் தேங்கினது வாய்க்காலில் இறங்காது. விட்டுவிட்டுக் குவியலாகப் போடு, நடுவே வழி விடு என்று ஒவ்வொரு நாளும் தொண்டை வறளக் கத்துவதுதான் மேற்பார்வை.

ஐப்பசி மழை வந்து இரண்டு முறை அடித்துப் பெய்த பிறகு மறுபடி குழி தோண்டி உப்பு பார்ப்போம். கோடு கீழே இறங்கியிருந்தால்தான் நடவு பற்றிய பேச்சு. அலையாத்தி விதை உதிர்கிற பருவமும் ஏறக்குறைய அதுதான். தோல் உரிந்து, உள்ளே முளை விட்டுத் தயாராக இருக்கும் விதை; சேற்றில் லேசாகப் பதித்தாலே வேர் பிடிக்கும். சுரபுன்னை தாய்மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் நீளத்துக்குத் தொங்குவது. அதைப் பறிக்க அவசரப்படக் கூடாது. கழுத்தில் வளையம் ஒன்று நிறம் மாறித் தெரிய வேண்டும், சுரபுன்னையில் ஒரு வகைக்கு மஞ்சள், இன்னொன்றுக்குச் செம்பழுப்பு. அது வந்துவிட்டால் கையால் தொட்டதும் கழன்று வரும். இழுத்துப் பறித்தது நட்ட இடத்திலேயே நின்று கறுத்துப்போகும். ஒப்பந்தக்காரர்கள் கொண்டுவந்து இறக்கும் மூட்டைகளை நான் திறந்து பார்ப்பது இந்த வளையத்துக்காகத்தான்.

நட்டதைவிட நடாதது அதிகம் வந்தது. இதில் பெருமையாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை, வாய்க்கால் திறந்ததும் ஏத்தத்தோடு மிதந்து வந்த விதைகள் கரையோரத்தில் ஒதுங்கித் தாமே பிடித்துக்கொண்டன. ஃபுளோரிடாவில் ராபின் லூயிஸ் என்பவர் தண்ணீர் வழியைச் சரிசெய்துவிட்டு, பெரும்பாலும் நடாமலே காட்டை வரவைத்தார் என்று பிறகு படித்தேன். தண்ணீர் போக்குவரத்தைச் சரி செய்த இடத்தில் மனிதன் நடுவது பாதிச் செலவு வீண். ஆனால் எந்த அறிக்கையிலும் "தானே முளைத்தது" என்று எழுத ஒரு கட்டம் கிடையாது. நட்ட எண்ணிக்கை, பிழைத்த எண்ணிக்கை, சதவீதம்.

வாய்க்கால் வெட்டினதில் யாரும் எதிர்பாராத பலன், அதற்குள் இறால் வந்தது. எதிர்பாராதது என்று சொல்வது எங்களைப் போன்றவர்களுக்குத்தான். வெள்ளை இறால் குஞ்சு கடலில் பொரித்து, கழிமுகத்துக்குள் வந்து, வேரடியில் சில மாதம் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகிறது. சேற்று நண்டும் மடவையும் கொடுவாக் குஞ்சும் உள்ளே வருகின்றன. முடசலோடையிலிருந்து கடலுக்குப் போகிற விசைப்படகுக்காரர் பிடிக்கும் இறாலில் ஒரு பங்கு இந்த வேர்களுக்கு அடியில் வளர்ந்ததுதான். அவருக்கும் காட்டுக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

வாய்க்காலுக்கும் இறாலுக்கும் உள்ள இந்த உறவை நான் சரியாகப் புரிந்துகொண்டது முத்துப்பேட்டைக்குப் போன பிறகு. திருவாரூர் மாவட்டக் கடைசியில், பாமணியாறும் கோரையாறும் காவிரியின் கடைசித் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகிற இடம். பிச்சாவரத்தைப் போலப் பத்து மடங்கு பரப்பு. மரம் ஏறக்குறைய முழுக்கவே அலையாத்தி ஒன்றுதான், சுரபுன்னை அங்கே இயற்கையாக இல்லை. 1934-ல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து கடைமடைக்கு இறங்கும் நன்னீர் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. உப்புக்கு மிகவும் தாங்கும் மரம் மட்டுமே அங்கே நிலைத்திருப்பது அதன் கணக்காக இருக்கலாம். ஜாம்புவானோடையிலிருந்து படகில் காயலுக்குப் போகிற வழியில், கரையிலிருந்து காட்டுக்குள் போகும் ஒடுக்கமான வாய்க்கால்களைப் பார்த்தேன். எந்தத் திட்டமும் வெட்டியதல்ல. அந்தப் பகுதி மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்களே வெட்டி வைத்தது. வாய்க்கால் மீன்பிடி என்று அதற்குப் பெயர். ஏத்தத்தில் மீனும் இறாலும் உள்ளே போகும், வத்தத்தில் வெளியே வரும்போது வாயில் வலை. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் பங்காளிகள் இருப்பார்கள். வருஷா வருஷம் அவர்களே தூர் வாருவார்கள்.

அந்த வாய்க்கால்களின் இரண்டு கரையிலும் மரங்கள் உயரமாக, இலை கறுத்துச் செழித்து நின்றன. கரையைவிட்டு உள்ளே தள்ளினால் குட்டை. வத்தத்துக்கு வழி விட்டால் காடு வரும் என்று நாங்கள் வரைபடம் போட்டு நிரூபித்ததை, இறாலுக்காக மண்வெட்டி பிடித்தவர்கள் எப்போதோ செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு பெரியவரிடம் மரம் செழித்திருப்பதைக் காட்டிக் கேட்டேன். "மரத்தை யாரு தம்பி பாத்தது, வாயி அடையாம இருக்கான்னு பாப்போம்" என்றார்.

எங்கள் மீன்முள் வாய்க்காலுக்கும் அவர்கள் வாய்க்காலுக்கும் இருந்த பெரிய வித்தியாசம் அங்கேதான். எங்களுடையது மூன்று வருஷத் திட்டம். வெட்டின வாய்க்காலில் ஒவ்வொரு மழைக்கும் ஒரு படலம் வண்டல் இறங்கும். வருஷத்துக்கு ஒருமுறை வாராவிட்டால் முதலில் கிளைகள் அடையும், பிறகு தாய். திட்டம் முடிந்து ஜீப் போன பிறகு எந்த ஊரில் வாய்க்கால் பிழைத்தது என்று நான் பல இடங்களில் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறேன். வாய்க்காலில் மீன்பிடிக்க ஊர்க்காரர்களை அனுமதித்த இடங்களில் வாய் திறந்திருந்தது. "காட்டுப் பகுதி, யாரும் நுழையக் கூடாது" என்று பலகை வைத்த இடங்களில் பலகை இருந்தது. உப்பு திரும்ப ஏறி, முட்டிவரை வளர்ந்திருந்த கன்றுகள் நுனியிலிருந்து காய ஆரம்பித்திருந்தன. இறாலுக்கு வருகிறவனை விரட்டிவிட்டு வாய்க்காலை யார் வாருவார் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். கண்காணிப்புக் குழு அமைக்கலாம் என்றார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் தொழிலுக்குத் திடீரென்று மவுசு வந்தது. பிச்சாவரத்துக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் மற்ற ஊர்களைவிடக் குறைந்த சேதத்தோடு தப்பின. 2005-ல் 'சயின்ஸ்' இதழில் கடலூர்க் கரையை வைத்து, காடு ஊரைக் காத்தது என்று ஒரு கட்டுரை வந்தது. பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தின் கதிரேசன், ராஜேந்திரனோடு சேர்ந்து எழுதினதும் அதே வருஷம். அதை மறுத்தும் எழுதினார்கள்: கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்பதே பெரும்பாலும் ஊரைக் காப்பாற்றியது, மரத்தின் பங்கைத் தனியாகப் பிரித்துச் சொல்வது கடினம் என்று. மறுத்தவர்கள் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. அலையாத்தி வளர்வதே அலை தணிந்த கழிக்குள். அதற்குப் பின்னால் இருக்கும் ஊர் இயல்பாகவே உள்ளே தள்ளி இருக்கும். காட்டை அரண் என்று சொல்லி விற்றால் அரண் வேண்டிய இடத்திலெல்லாம் நடச் சொல்வார்கள். நடந்ததும் அதுதான். திறந்த மணல் கரையில் அலைக்கு எதிரே சவுக்கை நெருக்கி நட்டார்கள், பங்குனி ஆமை முட்டையிட ஏறுகிற மணலிலும் சேர்த்து. சேற்றுத் திட்டுகளில் சுரபுன்னைக் குச்சியை வரிசை வரிசையாக ஊன்றினார்கள். அந்தத் திட்டுகள் வெறும் சேறு என்று நினைத்துவிடுகிறார்கள். உள்ளானும் பூநாரையும் இரை தேடும் இடம் அது. கைவலைக்காரர்கள் பிழைக்கிற இடமும் அதுதான். நட்ட குச்சியில் கொட்டலசு அப்பி, பாரம் தாங்காமல் ஒரு பருவத்துக்குள் சாயும். அடுத்த வருஷம் அதே இடத்தில் மறுபடி நடவு விழா.

இறால் பண்ணைக் காலத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1990களில் தஞ்சை, நாகைக் கரையோரத்தில் வயலும் உப்பளமும் காட்டு விளிம்பும் குளம் குளமாக மாறின. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கரையோர ஒழுங்குமுறை எல்லைக்குள் இருந்த பண்ணைகளை இடிக்கச் சொன்னது. பிறகு சட்டம் வந்தது, ஆணையம் வந்தது, பண்ணையும் வேறு இறால் ரகத்தோடு திரும்பி வந்தது. என் வேலையோடு அதற்கு உள்ள சம்பந்தம் சின்னது: பண்ணைக்காரர் தன் குளத்தைக் காக்க ஒரு கரையை உயர்த்துவார், அந்தக் கரை மழைக்காலத்தில் காட்டுக்குள் இறங்கி உப்பைக் கழுவ வேண்டிய நன்னீரை வேறு பக்கம் திருப்பிவிடும். காட்டுக்குள் ஒரு மரத்தைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். மூன்று கோடைக்குள் அந்தப் பக்கத்து மரங்கள் உச்சி காய்ந்து நிற்கும்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கமாகக் கரையேறியது. தென்னையைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள், முத்துப்பேட்டைக் காட்டைப் பற்றிக் குறைவு. நான் போனபோது கண்ணுக்கெட்டின வரை இலை கிடையாது. கிளை முறிந்தது, வேரோடு சாய்ந்தது, நின்றபடி பழுப்பேறியது. என்னோடு பல வருஷம் வேலை செய்தவர்களின் வீட்டுக் கூரை ஒன்றும் மிச்சமில்லை. அவர்களிடம் போய்க் காட்டைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. அவர்களே படகை எடுத்துக் காட்டினார்கள். சாய்ந்த மரத்தை அகற்றிவிட்டு உடனே நட வேண்டும் என்று ஒரு யோசனை மேலிருந்து வந்தது. அலையாத்திக்கு ஒரு குணம் உண்டு, முறிந்த தண்டின் பக்கத்தில் மறுபடி துளிர்க்கும். சுரபுன்னை முதிர்ந்துவிட்டால் துளிர்க்காது. ஆகவே நிற்பதைத் தொடாதீர்கள், ஒரு வருஷம் பொறுங்கள், சாய்ந்து வாய்க்காலை அடைத்துக் கிடப்பதை மட்டும் எடுங்கள் என்றோம். மறு வருஷம் துளிர்த்த மரமும் இருந்தது, துளிர்க்காமல் வெள்ளையாக நின்றதும் நிறைய. வாய்க்கால் அடைபட்டுத் தண்ணீர் தேங்கின பகுதிகளில் செத்தது அதிகம்.

இப்போது புது வேகம் வந்திருக்கிறது. 2022-ல் பிச்சாவரத்துக்கு ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம் கிடைத்தது. அடுத்த வருஷம் மத்திய பட்ஜெட்டில் 'மிஷ்டி' என்று அலையாத்திக்கே ஒரு திட்டம். ட்ரோன் பறக்கவிட்டு மட்டம் எடுத்துத் தரும் பிள்ளைகள் வருகிறார்கள், ஒரு மாதத்து வேலையை ஒரு காலையில் முடித்துவிடுகிறார்கள், எனக்கு அதில் சந்தோஷம்தான். கார்பன் கணக்குப் பேசுகிறவர்களும் வருகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஐந்தாம் வருஷத் தூர்வாரும் கூலி எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று. சிலர் குறித்துக்கொள்கிறார்கள்.

போன தை மாதம் ஓர் ஊரில் புது வாய்க்கால்களைப் பங்கு பிரிக்கக் கூட்டம் போட்டார்கள். பெரிய படகுக்காரர்கள் தாய் வாய்க்காலின் வாயைக் கேட்டார்கள், வலை போட வசதியான இடம் அது. கையால் தடவிப் பிடிக்கிற இருளர் குடும்பங்களுக்குக் கிளைகள் என்றார்கள். இருளர் தரப்பில் ஒரு பெண் எழுந்து, வாயில் நீங்கள் வலை கட்டினால் கிளைக்கு என்ன வரும், வாருவது மட்டும் எங்கள் தலையிலா என்று கேட்டார். வாயை முறை வைத்துக்கொள்ளலாம், வாரத்துக்கு இத்தனை ஏத்தம் வலையில்லாமல் விட வேண்டும் என்று ஒருவர் சொன்னார். எத்தனை ஏத்தம் என்பதில் நின்றது. அமாவாசை ஏத்தத்தை விட்டுத்தர யாருக்கும் மனசில்லை, இறால் அதிகம் ஏறுவது அன்றைக்குத்தான். மாசிக் கடைசியில் மறுபடி கூடுவதாகச் சொல்லிக் கலைந்தார்கள். அதற்குள் வெட்டு தொடங்கக் கூடாது என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.